என் துக்கம் எங்கே போயிற்று?

கடிதம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு 71 வயது. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு செட்டிநாட்டு ஊரில் இருக்கிறேன். ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பங்குள்ள பழைய வீடு. பங்காளிகள் எல்லாரும் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று போய்விட்டார்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் எங்களுடையதைத் தவிர மற்றதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. வீட்டு வேலைக்கு ஒரு பெண் காலையில் வந்து பொழுது சாயப் போவாள். மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். பேரப்பிள்ளைகள் நான்கு பேர்.

என் வீட்டுக்காரர் இறந்து 14 மாதம் ஆகிறது. நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக இருப்பதுதான் இப்போது வீட்டில் பிரச்சினையாகிவிட்டது.

காரைக்குடியில் திங்கட்கிழமை சந்தை. 48 வருஷக் குடித்தனத்தில் நான் அந்தச் சந்தைக்குப் போனதே இல்லை. காய்கறி வாங்குவது அவர் வேலை. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவாராம், அங்கே கடை போடுகிற அம்மா இப்போதும் சொல்வார். இந்த எட்டு மாதமாக நானே போகிறேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு என் வயதுக்காரிகள் நிறையப் பேர் இப்படிக் கிளம்பி வருகிறார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காருவேன். சின்ன வெங்காயம், மொச்சை, தை மாதம் என்றால் பனங்கிழங்கு, சித்திரையில் நுங்கு. மண்சட்டியைத் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. பை நிறைந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு டீ. பெஞ்சில் இடம் இருக்காது. நின்றபடியே குடித்துவிட்டு பஸ் ஏறுவேன்.

போன மாதம் உறவுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அன்று ராத்திரியே சிங்கப்பூரிலிருந்து போன். “ஆத்தா, அப்பச்சி போயி வருசம் ஒண்ணுதான் ஆகுது. நீ டீக்கடையில நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டு டீ குடிக்கிறியாமே. உனக்குக் கொஞ்சங்கூட வருத்தமே இல்லையா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் நான்கு திங்கட்கிழமை வந்து போய்விட்டது. நான் சந்தைக்குப் போகவில்லை.

என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், நீங்களே பாருங்கள். காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். வாசல் தெளித்துக் கோலம். முன்பெல்லாம் நல்ல காரியம் நடக்கிற வீடுகளில் நடுவீட்டுக் கோலம் போட என்னைக் கூப்பிடுவார்கள். பச்சரிசி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து விரல் வழியாக இழுக்கிற கோலம், எனக்குக் கை நடுங்காது. இப்போது கூப்பிடுவதில்லை, காரணம் உங்களுக்குத் தெரியும். மகன் வயிற்றுப் பேத்திக்கு வீடியோவில் சொல்லித் தருகிறேன், அவள் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டுவாள்.

மதியம் இரண்டு மணிக்கு ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் என் வீட்டு முகப்புக்கு வருவார்கள். எல்லாரும் சேர்ந்து கொட்டான் முடைவோம். கொட்டான் என்றால் பனை ஓலைக் கூடை. எங்கள் கல்யாணங்களில் தேங்காய், வெற்றிலை, பழம், பலகாரம் எல்லாம் அதில்தான் போகும். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்து, கொதிக்கிற சாயத்தில் போட்டு எடுப்போம். சிவப்பு, பச்சை, கத்தரிப்பூ நிறம். முடைகிற நேரத்தில் ஓலையை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அடிப்பாகம் சதுரமாக ஆரம்பித்து வாய் வட்டமாக முடியும். மேலே குரோஷா பின்னி மணி கோத்து உறை போடுவது என் பங்கு. இதை நான் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஆயாவிடம் கற்றுக்கொண்டேன். சாயம் காய்ச்சுகிற வாடை இவருக்கு ஆகாது. அதனால் கல்யாணமானதிலிருந்து தொடாமலே இருந்தேன். திரும்ப எடுத்தது அவர் உடம்பு முடியாமல் போன பிறகுதான்.

அவருக்கு மறதி நோய். ஐந்து வருஷம். காரைக்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், மனக்கணக்கில் புலி. முதலில் பில் கணக்குத் தவறியது. அப்புறம் வீட்டுக்கு வருகிற வழி. அப்புறம் என் பேர். கடைசி இரண்டு வருஷம் என்னை அவருடைய அக்கா என்றே நினைத்துக் கொண்டிருந்தார். பொழுது இறங்கினால் ஒரே படபடப்பு, “கடைச் சாவி எங்கே, நேரமாச்சு” என்று வாசலுக்கும் வளவுக்கும் நடப்பார். ராத்திரியில் எழுந்து தெருவுக்குப் போய்விடக் கூடாது என்று அவர் வேட்டி நுனியை என் சேலைத் தலைப்போடு முடிந்துகொண்டுதான் படுப்பேன். அவர் அசைந்தால் எனக்கு முழிப்பு வரும்.

தூங்காமல் உட்கார்ந்திருப்பதற்காகத்தான் ஓலையைக் கையில் எடுத்தேன். ஒருநாள் அந்தியில் அவரை அடக்க முடியவில்லை. என்ன தோன்றியதோ, வார்ந்த ஓலையில் ஒரு கை அள்ளிக் கொடுத்து, “இதை அகலம் பாத்துப் பிரிச்சுக் குடுங்க, கடைக்கு அனுப்பணும்” என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் பிரித்தார். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதற்கப்புறம் தினமும் அந்த வேலையைக் கொடுத்தேன். அவர் கடைசியாகப் பிரித்துக் கட்டிய கட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது. அதை மட்டும் நான் இன்னும் நனைக்கவில்லை.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் முழுசாகத் தெரியாது. கொரோனாவில் மகளால் வர முடியவில்லை, அப்புறமும் இரண்டு தடவைதான் வந்தாள். வாரம் ஒருமுறை வீடியோ காலில் பார்ப்பாள். அதற்கு முன்பாகவே நான் அவருக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி உட்கார வைத்துவிடுவேன். அவர் ஏதாவது மாற்றிப் பேசினால் நான் குறுக்கே பேசிச் சமாளிப்பேன். அவ்வளவு தூரத்தில் இருக்கிற பிள்ளை ஏன் வேதனைப்பட வேண்டும்?

அவர் இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அம்மா, உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்று ராத்திரி, ஐந்து வருஷத்துக்குப் பிறகு, விடியும்வரை தூங்கினேன். பிணம் போன வீட்டில் அப்படித் தூங்கியவள் நான். இதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே பயமாக இருக்கிறது. என் துக்கம் எங்கே போயிற்று? நான் அவரோடு சண்டை போட்டவள் இல்லை. கோபக்காரர்தான், காபி ஆறு மணிக்கு வந்தாக வேண்டும், ஆனால் எனக்கு ஒரு குறை வைத்ததில்லை.

இன்னொன்று. போன வாரம் கொட்டானுக்கு மூலை மடிப்பது எப்படி என்று ஒரு நிமிஷம் மறந்துவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்கும் அது வந்துவிட்டதோ என்று. மகன் வேறு, “தனியா இருக்காதீங்க, வீட்டைப் பூட்டிட்டுச் சென்னைக்கு வந்துருங்க” என்று நச்சரிக்கிறான். மகளுக்கு நான் என்ன பதில் சொல்ல? சென்னைக்குப் போய்விடட்டுமா? நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சந்தையும் டீயும் கண்ணில் பட்டன. மறுபடி படித்தபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். வீடியோ கால் வருவதற்குள் அவருக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார வைப்பீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில் அங்கேதான் கிடக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தூக்கம். ஐந்து வருஷம் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தவர், அந்த முடிச்சு அவிழ்ந்த அன்று தூங்கிப்போனார். ஆச்சி, இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், மறதி நோய் வந்தவரைக் கூட இருந்து பார்த்துக்கொண்ட 217 குடும்பத்தினரை, நோயாளி இறப்பதற்கு முன்னும் பின்னும் கவனித்து 2003-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாதிப் பேருக்கு மேல், நாள் முழுக்க 24 மணி நேரமும் தாங்கள் வேலையில் இருப்பது போலவே இருந்தது என்றார்கள். இறப்புக்குப் பிறகு கேட்டபோது 72 சதவீதம் பேர் அது தங்களுக்கு ஒரு நிம்மதியாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். இறந்தவருக்கே அது நிம்மதி என்று நம்பியவர்கள் 90 சதவீதத்துக்கும் மேல். இவர்கள் யாரும் அன்பில்லாதவர்கள் கிடையாது. அன்பு இருந்ததால்தான் அத்தனை நாள் கூடவே கிடந்தார்கள். நாலு பேர் வந்து ஒப்பாரி வைக்கிற வீட்டில் நிம்மதி என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல முடியாது. நீங்களும் சொல்லாமல் 14 மாதம் நெஞ்சுக்குள் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் துக்கம் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். அது முன்பே வந்துவிட்டது. கணக்கில் புலியாக இருந்தவர் பில்லில் தவறியபோது கொஞ்சம் அழுதிருப்பீர்கள். வீட்டு வழி தெரியாமல் யாரோ கைபிடித்துக் கூட்டி வந்தபோது கொஞ்சம். 40 வருஷத்துக்கு மேல் கூப்பிட்ட பேரை மறந்து உங்களை அக்கா என்று கூப்பிட்டாரே, அன்றைக்கு ஒரு மனைவி எத்தனை அழ முடியுமோ அத்தனையும் அழுதிருப்பீர்கள், அடுப்படியில், யாருக்கும் தெரியாமல். பாலின் பாஸ் என்ற குடும்ப நல ஆலோசகர் இப்படிப்பட்ட இழப்பைப் பற்றியே காலமெல்லாம் எழுதினார். ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பார், நமக்குத் தெரிந்த அந்த மனிதர் மட்டும் இருக்க மாட்டார். இறந்தால் ஊர் கூடும், பத்து நாள் காரியம் உண்டு, வருஷத் திவசம் உண்டு. இந்த இழப்புக்கு ஒரு சடங்கும் கிடையாது. யாரும் வந்து துக்கம் கேட்கவில்லை. அதனால் நீங்களே அதைத் துக்கம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டீர்கள்.

முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். நனைக்காமல் ஓர் ஓலைக்கட்டு அலமாரியில் இருக்கிறதே. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999-ல் எழுதியது எனக்கு இந்த வேலையில் நிறைய உதவியிருக்கிறது. துணையை இழந்தவர்கள் ஒரே இடத்தில் நின்று துக்கப்படுவதில்லை, இழப்பின் பக்கம் கொஞ்சம், வாழ்க்கையின் பக்கம் கொஞ்சம் என்று போய்ப் போய் வருவார்கள், அந்தப் போக்குவரத்துதான் மனசு தேறுகிற வழி என்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நீங்கள் அதைச் செய்கிறீர்கள். சந்தையில் அவர் உருட்டிப் பார்த்த கத்தரிக்காய்க் கடைக்கே போய் நின்று, அந்த அம்மா அவரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறீர்கள். அத்தனை வருஷம் அவர் போய்வந்த சந்தையைத் திங்கட்கிழமை தவறாமல் போய்ப் பார்க்கிறவரைப் பார்த்து வருத்தம் இல்லையா என்று யார் கேட்க முடியும்? கட்டை அவிழ்க்கிற நாள் எப்போது என்று உங்கள் கை சொல்லும். அவசரமே இல்லை.

கொட்டானைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து விட்டிருந்த வேலையை மறுபடி எடுத்ததில், அவர் போனதால் கிடைத்த சுகம் இது என்று உங்களுக்கு உள்ளூர ஓர் உறுத்தல் இருக்கிறது என்று ஊகிக்கிறேன். சாய வாடை அவருக்கு ஆகாது என்பது உண்மைதான். நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை அத்தனை வருஷம் விட்டுக்கொடுத்ததும் உண்மை. அதற்காக இப்போது கொஞ்சம் கோபம் வந்தால் வரட்டும், அதனால் அவர் நினைவுக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் அவர் வாழ்ந்த கடைசி அந்திகளில் மனம் அமைதியாக இருந்த ஒரே மணி நேரம் அந்த ஓலையால்தான் வந்தது. மருந்தால் அடங்காத படபடப்பை அடக்க ஒரு மனிதரின் பழைய தொழிலுக்கும் கைப்பழக்கத்துக்கும் ஏற்ற சிறு வேலை கொடுங்கள் என்று மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவோம். கடைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தீர்களே, அந்த வரியை எங்களில் யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

இப்போது மகள். வாரம் ஒரு தடவை வெள்ளைச் சட்டை, திருநீறு, ஆத்தா பக்கத்தில். அவள் ஐந்து வருஷமாகப் பார்த்த அப்பச்சி அவர்தான். அவளைப் பொறுத்தவரை ஓரளவு நன்றாக இருந்த அப்பா ஒருநாள் போனில் இறந்துபோனார். உங்களுக்கு ஆறு வருஷத் துக்கம், அவளுக்கு 14 மாதத் துக்கம். நீங்கள் கரை ஏறி நிற்கிறீர்கள், அவள் இப்போதுதான் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். அவள் வேதனைப்படக் கூடாது என்று மறைத்தீர்கள், அந்த எண்ணத்தில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்படி மறைத்ததால்தான் இன்று உங்கள் சிரிப்பு அவளுக்குப் புரியவில்லை. வருத்தமில்லையா என்று கேட்டுவிட்டு அவளே அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் பாதி அவளுக்கு அவளே கேட்டுக்கொண்டது. கடைசிக் காலத்தில் நான் பக்கத்தில் இல்லையே என்ற குத்தல் தூரதேசத்துப் பிள்ளைகள் பலருக்கு உண்டு. தன் மேல் இருக்கிற அந்தக் கோபத்தை அம்மாவின் டீக் கிளாஸ் மேல் காட்டிவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் டீக்கடைக்கு நியாயம் சொல்ல வேண்டாம். டீயைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நேரம் இருக்கும்போது நீங்களே கூப்பிட்டு, “நான் அஞ்சு வருசம் உன்கிட்ட ஒண்ணை மறைச்சேன்த்தா. அதை இப்பச் சொல்லணும்னு தோணுது, கேக்குறியா?” என்று ஆரம்பியுங்கள். எனக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொல்லுங்கள். சாவி தேடி நடந்தது, வேட்டி முடிச்சு, அக்கா என்று கூப்பிட்டது. ஒரே நாளில் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு மூன்று தடவையாகச் சொல்லலாம். அவள் அழுவாள். அழவிடுங்கள், குறுக்கே பேசிச் சமாளிக்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது என்பதால் சொல்கிறேன். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கோபப்பட்டால், “நீ அவ்வளவு தூரத்துல இருந்து தவிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்” என்று ஒரு வரி போதும். அவள் ஊருக்கு வரும்போது அந்த ஓலைக்கட்டை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். அப்பச்சியின் கை கடைசியாகச் செய்த வேலை அது. அவளிடம் அப்படி ஒன்றும் இல்லை.

அவள் விஷயத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறப்பு நடந்து ஒரு வருஷம் தாண்டியும், நாள் தவறாமல் அதே ஏக்கம் வாட்டுகிறது, வேலை ஓடவில்லை, ஆட்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, இனி வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அதை நீடித்த துக்கம் என்று மனநல மருத்துவத்தில் தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே கேட்கும். உங்கள் மகளுக்கு அப்படி இருக்கிறது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று மட்டும் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் அங்கேயே ஓர் ஆலோசகரைப் பார்க்கட்டும்.

மூலை மடிப்பு மறந்த விஷயம். ஒரு நிமிஷம் மறந்தது, அப்புறம் கை தானாக ஞாபகப்படுத்தியது, முழுக் கதையையும் எனக்குக் கோவையாக எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள். பேர் சட்டென்று வராமல் பிறகு வருவது, எடுத்து வைத்த இடம் மறப்பது எல்லாம் 70-க்கு மேல் சகஜம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகின வழி தெரியாமல் போவது, பணக் கணக்கு குழம்புவது என்றால்தான் உடனே பார்க்க வேண்டும். ஆனாலும் ஐந்து வருஷம் அந்த நோயோடு ஒரே அறையில் இருந்தவருக்கு வாயால் சொல்லும் ஆறுதல் போதாது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் போய் ஒரு முதியோர் நல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். நினைவாற்றல் சோதனை எளிதானதுதான். ரத்தத்தில் பி12 சத்து, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவை குறைந்தாலும் மறதி வரும், அதை மருந்தில் சரிசெய்யலாம். காது, கண், ரத்த அழுத்தம், சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மறதி நோயைத் தள்ளிப்போடவோ தடுக்கவோ வாய்ப்புள்ள காரணங்கள் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது. காது கேளாமையும், பார்வைக் குறைவைச் சரிசெய்யாமல் விடுவதும், ஆள் துணையில்லாமல் தனித்துக் கிடப்பதும் அதில் இருக்கின்றன. ஐந்து பெண்கள் மதியம் இரண்டு மணிக்கு உங்கள் முகப்பில் வந்து உட்காருவதை நான் ஏன் இத்தனை பெரிதாக நினைக்கிறேன் என்று இப்போது புரியும்.

சென்னைக்குப் போவதா என்பதை இந்த மனநிலையில் முடிவு செய்யாதீர்கள். மகள் பேச்சில் நொந்துபோய், எனக்கென்ன இங்கே என்ற எண்ணத்தில் வீட்டைப் பூட்டினால் பிறகு மனசு ஆறாது. ஒரு அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகள் அன்பாகவே இருந்தாலும், நாலரை மணிக்கு எழுந்தால் தெளிக்க வாசல் கிடையாது, இரண்டு மணிக்கு யாரும் வர மாட்டார்கள். பேத்தி பள்ளியிலிருந்து வர மாலையாகும். இதைச் சொல்வதால் மகனின் பயத்தில் நியாயம் இல்லை என்று ஆகாது. அத்தனை பெரிய வீட்டில் ராத்திரி நீங்கள் தனியாகத்தான் இருக்கிறீர்கள். குளியலறையில் வழுக்கினால் யாருக்குத் தெரியும்? அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள், அவன் நச்சரிப்பு பாதி குறையும். வேலைக்கு வருகிற பெண்ணோ அவளுக்குத் தெரிந்த யாரோ ராத்திரி வந்து படுக்க ஏற்பாடு செய்யுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இரவில் எரிகிற சின்ன விளக்கு, போன் எப்போதும் இடுப்பில், பக்கத்து வீட்டில் ஒரு மாற்றுச் சாவி. வருஷத்தில் ஒரு மாதம், பள்ளி விடுமுறையில், நீங்கள் சென்னையில் போய் இருங்கள். போகும்போது ஓலையும் குரோஷா ஊசியும் எடுத்துக்கொண்டு போய்ப் பேத்திக்கு நேரில் சொல்லிக்கொடுங்கள். சாக்பீஸுக்குப் பதில் மாவுக் கோலமும் போடட்டும். முழுசாக மாறுவதைப் பற்றி அடுத்த வருஷம் யோசிக்கலாம், அப்போதும் முடிவு உங்களுடையது.

நடுவீட்டுக் கோலத்துக்கு உங்களைக் கூப்பிடாமல் விட்டவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. கணவர் இல்லை என்பதற்காக நடுங்காத ஒரு கையை ஒதுக்கி வைப்பது அநியாயம். அந்த ஊரில் ஒரு வீட்டிலாவது, ஒரு மருமகளாவது, ஆச்சி நீங்கள்தான் போட வேண்டும் என்று வந்து நிற்பாள் என்று நம்புகிறேன். வந்தால் மறுக்காதீர்கள்.

வருகிற திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நேரத்தோடு கிளம்புங்கள். நான்கு வாரமாக உங்களைக் காணோம் என்று கத்தரிக்காய்க்கார அம்மா கேட்பார். டீ வழக்கமான கடையிலேயே இருக்கட்டும். மகளோடு பேசிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.